புள்ளியில்லாத நூறு நாட்கள்

மார்ச் ஏழாம் தேதி, வியாழக்கிழமை, என் மனைவி டூவாவின் பெயருக்கு ஒரு சான்றிதழ் வந்தது. கெட்டித் தாள், மேலே கல்விச் சங்கத்தின் முத்திரை. இலையுதிர் பருவத்தில் நடந்த பதின்மூன்று கூட்டங்களில் பதின்மூன்றிலும் கலந்துகொண்டதற்கு வாழ்த்து.

டூவா கலந்துகொண்டது ஏழு கூட்டங்களில். அக்டோபர் பதினெட்டாம் தேதி அவள் இறந்துவிட்டாள்.

அதே உறையில் எனக்கும் ஒன்று இருந்தது. எனக்கும் பதின்மூன்று. நான் போனது எட்டு.

இரண்டையும் சமையலறை மேசையில் அருகருகே வைத்தேன். உருளைக்கிழங்கு வேகவைத்துச் சாப்பிட்டேன். தட்டைக் கழுவினேன். ஏழரை மணிக்கு வழக்கம்போல் நோட்டை எடுத்தேன்.

அந்த நோட்டு டூவாவின் யோசனை. அவள் ஒரு பல் மருத்துவமனையில் வேலை பார்த்தாள். தினமும் பல் தேய்ப்பதாகச் சொல்கிற எல்லோரும் பொய் சொல்கிறார்கள், ஆனால் ஒரு தாளில் கோடு போடச் சொன்னால் பாதிப் பேர் உண்மையிலேயே தேய்க்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்பாள். பல்லுக்கு ஆவது குணத்துக்கு ஆகாதா என்று போன ஆகஸ்டில் கேட்டாள். நான் சிரித்தேன். மறுநாள் அவள் ஏழு குணங்களை எழுதிக்கொண்டு வந்தாள்: அளவு, வாய்க்காவல், ஒழுங்கு, உண்மை, பொறுமை, உழைப்பு, தாழ்மை. ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு வரிசை. வரிசைக்கு ஏழு கட்டம், நாளுக்கு ஒன்று. தவறிய நாளில் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி. நன்றாக நடந்ததற்குக் குறி எதுவும் கிடையாது. வாரத்துக்கு ஒரு குணம் முதன்மையானது, அதன் பெயரைப் பக்கத்தின் தலையில் எழுத வேண்டும். பக்கம் வெறுமையாக இருந்தால் வாரம் நன்றாகப் போயிற்று என்று அர்த்தம்.

தனியாகச் செய்தால் இரண்டு வாரத்தில் நின்றுவிடும் என்று சொல்லி அதைப் படிப்பு வட்டமாகப் பதிவு செய்தாள். எங்கள் ஊரில் எதற்கும் படிப்பு வட்டம் உண்டு. காளான், கித்தார், பைபிள், எஸ்பெரான்டோ மொழி. சங்கம் அறையும் காபியும் தரும். விதி ஒன்றுதான்: ஒவ்வொரு கூட்டத்துக்கும் குறைந்தது மூன்று பேர். தலைவர் வருகைத் தாளில் குறி போட்டு அனுப்ப வேண்டும். இரண்டு பேர் வந்தால் அது கூட்டம் இல்லை. அப்படிச் சில கூட்டங்கள் போனால் வட்டமும் இல்லை.

நாங்கள் நான்கு பேர். டூவா, நான், குன்வோர், வெய்க்கோ. குன்வோர்தான் தலைவி. பேருந்துப் பணிமனையில் ஓட்டுநர்களுக்கு முறை ஒதுக்குகிற வேலை, ஐம்பத்தெட்டு வயது. வெய்க்கோ ஃபின்லாந்துக்காரர். இருபது வயதில் இங்கே சுவீடனுக்கு வந்து காகித ஆலையில் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றவர். அவர் வந்தது குடியை நிறுத்த. முதல் நாளே சொல்லிவிட்டார். வேறு இடங்களில் கடவுளைப் பற்றியோ குழந்தைப் பருவத்தைப் பற்றியோ பேசச் சொல்கிறார்களாம். இங்கே புள்ளி வைத்தால் போதும்.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்குக் கூடுவோம். அவரவர் பக்கத்தை வாசிப்போம். அறிவுரை சொல்லக் கூடாது. கிண்டல் பண்ணலாம்.

அக்டோபரில் டூவா மருத்துவமனை வாசலில் சைக்கிளைப் பூட்டும்போது விழுந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. முப்பத்திரண்டு வயது. பூட்டுச் சாவி கையிலேயே இருந்தது. அடுத்த ஐந்து செவ்வாய் நான் போகவில்லை. ஆறாவது செவ்வாய் போனேன். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. குன்வோர் காபி ஊற்றினாள். வெய்க்கோ ஒரு ஏலக்காய் ரொட்டியை என் பக்கம் தள்ளினார். மறுநாள் மீண்டும் நோட்டைத் தொடங்கினேன்.

அதிலிருந்து ஒரு புள்ளிகூட இல்லை.

பொய் எழுதவில்லை. கோபம் வரவில்லை. யாரைப் பற்றியும் புறம் பேசவில்லை. அதிகமாகச் சாப்பிடவில்லை. வேலைக்கு நேரத்துக்குப் போனேன். பெருமைப்பட எதுவும் இல்லை, அதனால் தாழ்மை வரிசையும் சுத்தம். வாசிக்கிற முறை வரும்போது "ஒன்றும் இல்லை" என்பேன். வெய்க்கோ என்னைச் சாமியார் என்று கூப்பிடத் தொடங்கினார்.

"சாமியாரே, ஒரு நாளைக்கு எனக்கு உங்க நோட்டக் கடன் குடுங்க. என் பொண்ணு கிட்ட காட்டணும்."

"உன்னோடதக் காட்டேன்" என்பாள் குன்வோர்.

"என்னோடத நாய்க்குக்கூட காட்ட முடியாது. நான் ஃபின்லாந்துக்காரன், வாய்க்காவல் எங்களுக்குப் பிறவியிலயே வந்தது."

"அப்புறம் ஏன்யா அந்த வரிசைல மட்டும் அம்மை போட்ட மாதிரி இருக்கு?"

இப்படித்தான் போகும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் வாரத்தின் மற்ற நாட்களைக் கடத்தினேன்.

மார்ச் ஏழு நூறாவது நாள். அந்த வாரத்தின் முதன்மைக் குணம் உண்மை. என் கையெழுத்தில் பக்கத்தின் தலையில் இருந்தது. நோட்டுக்கு அருகில் இரண்டு சான்றிதழ்கள். நான் இல்லாத ஐந்து வாரம் இருந்தவர்கள் குன்வோரும் வெய்க்கோவும் மட்டும். இரண்டு பேர். குன்வோர் எங்கள் இருவரையும் வந்ததாகக் குறித்திருக்கிறாள். இதைச் சங்கத்திடம் சொன்னால் வட்டம் போய்விடும். வட்டம் போனால் வெய்க்கோ யாரிடம் புள்ளியை வாசிப்பார்? அவர் குடிக்காமல் அன்று நூற்றெண்பத்தைந்து நாள். சொல்லாவிட்டால் உண்மை வரிசையில் நான் புள்ளி வைக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு நாளும்.

அன்றைய கட்டத்தை வெறுமையாகவே விட்டேன். இன்னும் யாரும் என்னிடம் கேட்கவில்லை, ஆகவே பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்தவனுக்கு இப்படி யோசிப்பது கஷ்டமில்லை.

*

செவ்வாய்க்கிழமை வெளியே சேறும் பனியுமாக இருந்தது. காலணியைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனேன். குன்வோர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வருகைத் தாளில் குறி போட்டுக்கொண்டிருந்தாள். அதுவரை நான் அந்தத் தாளைப் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். வசந்த பருவத்தின் ஒன்பதாவது கூட்டம். தாளில் நான்கு பெயர். நான்கு குறி.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. இப்போதுதான் நாங்கள் மூன்று பேர் இருக்கிறோமே. நான்காவது குறிக்கு அவசியமே இல்லை.

சான்றிதழை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

அவள் வாசித்தாள். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"இது வரும்னு எனக்குத் தோணவே இல்ல" என்றாள். "வருஷா வருஷம் அனுப்புவாங்க. மறந்தே போச்சு."

"என்னது அது?" என்றார் வெய்க்கோ. எட்டிப் பார்த்தார். உதட்டை அசைத்து வாசித்தார். "பதிமூணா? டூவாவுக்கா?"

"உங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

"எனக்கு எப்படித் தெரியும்? தாளு அவகிட்ட இருக்கு. நான் ரொட்டித் துறை."

"குன்வோர், ஏன்?" என்றேன்.

"நீ வராத வாரங்கள்ல நாங்க ரெண்டு பேர்தான். ரெண்டுன்னு போட்டா டிசம்பர்ல அறையப் பூட்டிருப்பாங்க. நீ என்னைக்காவது திரும்பி வந்தா வர்றதுக்கு ஒரு இடம் இருக்கணும்ல. அதுக்காகத்தான் உன்னப் போட்டேன்."

"என்னை மட்டும் போட்டிருந்தா மூணு வந்திருக்கும். அவள எதுக்குப் போட்டீங்க?"

அவள் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. பல மாதமாகப் பையிலேயே இருந்திருக்க வேண்டும். உறுப்பினர் விலகினால் தலைவர் நிரப்ப வேண்டிய படிவம். பெயர், பிறந்த தேதி எழுதியிருந்தாள். கீழே விலகும் காரணம். நான்கு கட்டம். ஊர் மாறினார். நேரமில்லை. ஆர்வம் குறைந்தது. பிற.

"இதுல எதுல குறி போடச் சொல்ற?" என்றாள். "நாலு தடவ பேனாவ எடுத்தேன். பிறன்னு போட மனசு வரல. டூவாவப் போயி பிறன்னு... சரி அடுத்த வாரம்னு விட்டேன். விலகலன்னா பேரு தாள்ல இருக்கும். பேரு இருந்தா வந்தாங்களா இல்லையான்னு கேக்கும். இல்லன்னு போடவும் கை வரல."

"அஞ்சு மாசமா?"

"ஆமா."

"உண்மைன்னு ஒரு வரிசை இருக்கே. அதுல என்ன போட்டீங்க?"

"புள்ளி" என்றாள். "ஒவ்வொரு செவ்வாயும் வச்சேன். வாசிக்கிறப்ப அத மட்டும் தாண்டிருவேன்."

வெய்க்கோ நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "சரி சரி. தப்புதான். ஆனா யாருக்கு என்ன நஷ்டம்? மேல போற குறிய ஒருத்தனும் படிக்கிறதில்ல. இப்பப் போயி சொன்னா வட்டத்தயே எடுத்துருவாங்க. எனக்கு இன்னைக்கு நூத்தித் தொண்ணூறு. தெரியுமில்ல? பேசாம விடு லூத்விக். அந்தப் பொண்ணு பேரு அங்க இருந்துட்டுப் போகட்டும். அதுவும் எனக்கு ஒரு துணை மாதிரிதான்."

அப்போதுதான் அது வந்தது. எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. காது சூடாயிற்று.

"உங்க குடிக்குக் காவல் இருக்க என் பொண்டாட்டிதான் கெடச்சாளா?" என்றேன்.

சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்து அறையில் கித்தார் நின்றது.

வெய்க்கோ என்னைப் பார்த்தார். கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் திரும்ப வைத்தார். கம்பளிச் சட்டையைத் தேடி எடுத்து மாட்டினார். அதற்கு மேல் கோட்டு, கழுத்துத் துணி, தொப்பி. அவசரப்படவில்லை. வாசலில் உட்கார்ந்து காலணி மாட்ட வெகு நேரம் எடுத்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். போய்விட்டார்.

"போ, அவர் பின்னாடி போ" என்றாள் குன்வோர்.

நான் போகவில்லை. வீட்டுக்குப் போனேன்.

*

எங்கள் குடியிருப்பில் துணி துவைக்கும் அறை கீழ்த்தளத்தில் இருக்கிறது. சைக்கிள் வைக்கிற இடத்துக்குப் போகும் வழியில். சுவரில் ஒரு மரப் பலகை. ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை தேதிகள், ஒவ்வொரு தேதிக்கும் நான்கு துளைகள், மூன்று மூன்று மணி நேரம். ஒவ்வொரு வீட்டுக்கும் எண் பொறித்த ஒரு சின்னப் பூட்டு. வேண்டிய துளையில் செருகித் திருப்பினால் அந்த நேரம் உங்களுடையது. துவைத்து முடித்ததும் அடுத்த தேதிக்கு நகர்த்துவார்கள்.

எங்கள் பூட்டு, எண் பதினொன்று, பத்தொன்பதாம் தேதியில் இருந்தது. மாலை ஆறு முதல் ஒன்பது. அக்டோபர் பத்தொன்பதுக்காக டூவா வைத்தது. அதற்கு முந்தைய நாள் அவள் இறந்தாள். அதற்குப் பிறகு நான் அதைத் தொடவில்லை. சட்டைகளைக் குளியல் தொட்டியில் அலசிக்கொண்டேன். பலகைக்கு மாதம் தெரியாது. ஆக நவம்பர் பத்தொன்பது, டிசம்பர் பத்தொன்பது என்று ஒவ்வொரு மாதமும் அந்த மாலை எங்கள் பெயரில் சும்மா கிடந்தது. துணி உலர்த்தியின் பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் செய்யாமல் போனதற்கு மூன்று ஆச்சரியக் குறியோடு சீட்டு ஒட்டுகிற குடியிருப்பு இது. அந்தப் பூட்டைப் பற்றி ஒருவரும் ஒரு சீட்டும் ஒட்டவில்லை.

அன்று இரவு உணவுக்கு முன் சைக்கிளை வைத்துவிட்டு வரும்போது அதைப் பார்த்தேன். குன்வோரின் நான்காவது குறி மாதிரியே இருந்தது. ஒரு வித்தியாசம்தான். இதை வைத்துக்கொண்டிருந்தவன் நான்.

மேலே போய் நோட்டை எடுத்தேன். பொறுமை, செவ்வாய்: புள்ளி. வாய்க்காவல், செவ்வாய்: புள்ளி. பேனா நன்றாக எழுதியது.

*

நகராட்சியின் குடிநீர்ச் சோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. கிணறு, பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று ஊரெங்கும் இருந்து குப்பியில் தண்ணீர் வரும். அதைத் தாளில் வடிகட்டி, அந்தத் தாளைத் தட்டில் வைத்து, ஒரு நாள் முழுக்க சூட்டில் வைப்போம். கிருமி இருந்தால் தட்டில் பொட்டுப் பொட்டாக வளரும். மறுநாள் எண்ணுவோம். ஒன்றும் இல்லையென்றால் தண்ணீர் நல்லது.

ஆனால் ஒன்றும் இல்லாத தட்டை அப்படியே நம்பிவிடக் கூடாது. முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள். கிருமி வளர்வதற்காகத் தட்டில் ஊற்றியிருக்கும் கூழ் கெட்டுப்போயிருந்தாலும் ஒன்றும் வளராது. சூட்டுப் பெட்டி நின்றுபோயிருந்தாலும் வளராது. அதனால் தினமும் ஒரு தட்டில் நாங்களே கிருமியைப் போட்டு வைப்போம். அது வளர்ந்தே ஆக வேண்டும். அதில் ஒன்றும் வளராவிட்டால் அன்றைய சுத்தமான தட்டுகள் எல்லாவற்றையும் குப்பையில் போட வேண்டும். எத்தனை சுத்தமாக இருந்தாலும் சரி.

புதன்கிழமை காலை அந்தத் தட்டை எடுத்தேன். வளர்ந்திருந்தது. நாற்பத்திரண்டு பொட்டு. எழுதிக்கொண்டேன். பிறகு வேலையை நிறுத்திவிட்டு நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என் நூற்றைந்து நாளில் அப்படி ஒரு தட்டு இருக்கவில்லை. நேற்றுதான் ஒன்று வளர்ந்தது, அதுவும் வெய்க்கோவின் மேல்.

உடன் வேலை செய்கிற பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லையா?" என்றாள்.

"இல்ல. எண்ணிட்டு இருக்கேன்" என்றேன்.

பத்து மணிக்குக் குன்வோர் அழைத்தாள். பின்னால் பேருந்துகள் உறுமிக்கொண்டிருந்தன.

"எட்டு மணிக்கே சங்கத்துக்குப் போன் பண்ணிட்டேன்" என்றாள். "எல்லாத்தையும் சொல்லிட்டேன். அஞ்சு கூட்டத்த அடிச்சுட்டாங்க. வட்டமும் போச்சு. சாவிய இன்னைக்கே கொண்டு வரச் சொல்லிட்டாங்க. மரியாதையாத்தான் பேசினாங்க."

"நீங்க போய்ச் சொல்லணும்னு நான் சொல்லலியே."

"நீ சொல்ல வேண்டாம். வாசிக்காம விட்ட புள்ளி எனக்குப் பத்துக்கு மேல இருக்கு. இனி தாண்ட முடியாது. அந்தப் படிவத்தையும் குடுத்துடுவேன். பிறன்னுதான் போட்டேன். பக்கத்துல கோட்டுல இறந்துவிட்டார்னு எழுதினேன். அவ்வளவு பெரிய எழுத்துக்கு அங்க இடம் இல்ல, கீழ இறங்கிப் போயிருச்சு."

"சரி."

"வெய்க்கோ போன எடுக்க மாட்டேங்கிறான், லூத்விக்."

நானும் அழைத்தேன். எடுக்கவில்லை. மாலை மறுபடி அழைத்தேன். வியாழனும் வெள்ளியும் அழைத்தேன். மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி எழுதினேன், அழித்தேன், திரும்ப எழுதி அனுப்பினேன். சனிக்கிழமை அவர் வீட்டு வாசல் வரை போனேன். இங்கே சொல்லாமல் யாரும் யார் வீட்டுக்கும் போக மாட்டார்கள். பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன், அழைப்பு மணியை அழுத்தினேன். பதில் இல்லை. மூன்றாவது மாடி சன்னலில் விளக்கு எரிந்தது. இரண்டாவது முறை அழுத்தவில்லை.

அந்த வாரம் எனக்குப் புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன. கடையில் வரிசையில் முந்திய ஒருவரிடம் சிடுசிடுத்தேன். ஞாயிறு பகல் முழுக்கப் படுத்தே கிடந்தேன். டூவாவின் அம்மா போன் செய்தபோது நன்றாகத் தூங்குகிறேன் என்றேன். எல்லாவற்றுக்கும் வைத்தேன்.

திங்கட்கிழமை குன்வோருக்கும் வெய்க்கோவுக்கும் ஒரே செய்தியை அனுப்பினேன். "நாளை செவ்வாய், பத்தொன்பது. ஆறு மணி. என் குடியிருப்பின் கீழ்த்தளம், துணி துவைக்கும் அறை. ஒன்பது வரை நமக்கு. அக்டோபரிலேயே பிடித்த இடம்."

குன்வோர் ஒரு கேள்விக் குறி அனுப்பினாள். வெய்க்கோ எதுவும் அனுப்பவில்லை.

*

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது குன்வோர் வந்தாள். கையில் காபிக் குடுவை. சமையலறையிலிருந்து மூன்று நாற்காலிகளை இறக்கி வைத்திருந்தேன். துணி மடிக்கிற மேசை நடுவில். அறை சூடாக, சோப்பு வாசனையோடு இருந்தது. பலகையில் எங்கள் பூட்டைக் காட்டினேன். அதன் கதையைச் சொன்னேன்.

"அஞ்சு மாசமாவா? யாரும் எடுக்கலியா?"

"இல்ல."

"நல்ல மனுஷங்கதான்" என்றாள். பிறகு சுற்றிப் பார்த்தாள். "சரி, துணி எங்க?"

"என்ன துணி?"

"துவைக்கத்தான இடம் பிடிச்சது? துவைக்காம உக்காந்து பேசினா அதுவும் இல்லாத ஆளுக்குக் குறி போட்ட மாதிரிதான். நான் இனிமே அப்படி எதுலயும் கையெழுத்து போட மாட்டேன். போ, கொண்டா."

மேலே போனேன். குளியலறை மூலையில் அழுக்குக் கூடை அக்டோபரில் இருந்தபடியே இருந்தது. என் துணியை நான் அதில் போடவில்லை. மேலே படுக்கை விரிப்பு. அதற்குக் கீழே மருத்துவமனையின் வெள்ளைச் சட்டை இரண்டு, அவளுடைய காலுறைகள், அந்த வாரம் நான் போட்டிருந்த ஒரு பனியன். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

படியில் யாரோ மூச்சு வாங்குகிற சத்தம். வெய்க்கோ. தொப்பியைக் கையில் வைத்திருந்தார். என்னைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார்.

"எந்த வாசல்னு எழுதல நீ" என்றார். "மூணு வாசல் ஏறி இறங்கிட்டேன். ஒரு வீட்ல நாய் வேற."

"வெய்க்கோ, அன்னைக்கு நான் சொன்னது..."

"இங்க படியிலயா? உள்ள போயி வாசி. அதுக்குத்தான நோட்டு."

உள்ளே போனோம். துணிகளை இயந்திரத்தில் போட்டேன். வெள்ளையைத் தனியாகப் போடவில்லை. நாற்பது பாகை. பொத்தானை அழுத்தியதும் தண்ணீர் இறங்கியது. குன்வோர் காபி ஊற்றினாள். வெய்க்கோ கோட்டுப் பையிலிருந்து ஏலக்காய் ரொட்டிகளை எடுத்து வைத்தார். நசுங்கியிருந்தன.

"யாரு முதல்ல?" என்றாள் குன்வோர்.

"நான்" என்றார் வெய்க்கோ. நோட்டைத் திறந்து கையை நீட்டித் தூரத்தில் பிடித்தார். "அளவு. புதன்கிழமை. ஒண்ணு."

இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு?" என்றாள் குன்வோர்.

"ரெண்டு பீரு. மூணாவதத் தொறந்தேன். தொட்டியில ஊத்தினேன். வியாழன் இல்ல, வெள்ளி இல்ல. அதுக்கப்புறமும் இல்ல. இன்னைக்கு ஆறு."

"என்னாலயா?" என்றேன்.

"அட, உன் பெருமைய உன் தாழ்மை வரிசைல போடு. நான்தான கடைக்குப் போனேன்? நீயா ஊத்திவிட்ட?" நோட்டை மூடினார். "ஆனா நீ சொன்னது வலிச்சுது. ரெண்டு நாள் உன்ன ஃபின்னிஷ்லயே திட்டினேன். சுவீடிஷ்ல அதுக்கு வார்த்தை பத்தாது. அதுக்கும் வாய்க்காவல்ல ரெண்டு புள்ளி இருக்கு, பாரு."

"போன ஏன் எடுக்கல?"

"நூத்தித் தொண்ணூறுன்னு சொன்ன வாயால ஒண்ணுன்னு எப்படிச் சொல்றது? போன்ல சொல்ல வரல. இங்க வந்தா சொல்லலாம்னு தோணுச்சு. வட்டம் இல்லன்னு குன்வோர் எழுதினா. அப்புறம் நீ துணி துவைக்கிற இடம்னு எழுதின. இவனுக்குப் புத்தி போச்சான்னு பாக்க வந்தேன்."

"நீ வரலன்னா நாங்க ரெண்டு பேர்தான்" என்றாள் குன்வோர். "விதிப்படி கூட்டமே இல்ல."

"இந்த அறையோட விதி என்னன்னு வாசல்ல ஒட்டியிருக்கு, படிச்சேன்" என்றார் வெய்க்கோ. "கம்பளம் துவைக்கக் கூடாது. வேற ஒண்ணும் இல்ல."

என் முறை வந்தது. நோட்டைத் திறந்தேன். பக்கம் முழுக்கக் கறுப்புப் பொட்டு. வாசித்தேன். "உழைப்பு, ஞாயிறு, ஒன்று. உண்மை, ஞாயிறு, ஒன்று, டூவாவோட அம்மாகிட்ட. பொறுமை, வெள்ளி, ஒன்று." பிறகு பின்னால் ஒரு பக்கம் புரட்டினேன். "போன செவ்வாய், பொறுமை. போன செவ்வாய், வாய்க்காவல். அது வெய்க்கோகிட்ட. மன்னிச்சுக்கோங்க." அவர் தலையை ஆட்டினார். "அப்புறம் அதுக்கு முன்னாடி இருக்கிற பக்கங்கள். நவம்பர்லேர்ந்து. அது எதையும் கணக்குல எடுக்காதீங்க. அது சுத்தம் இல்ல. ஒண்ணும் வளரல, அவ்வளவுதான்."

குன்வோருக்குப் புரிந்ததா தெரியவில்லை.

"அப்பாடா" என்றார் வெய்க்கோ. "சாமியார் கீழ எறங்கிட்டாரு. இந்தா, ரொட்டி."

குன்வோர் தன்னுடையதை வாசித்தாள். உண்மை வரிசையில் அக்டோபரிலிருந்து தாண்டியதை எல்லாம் தேதி தேதியாக வாசித்தாள். நீளமாக இருந்தது. நடுவில் ஒரு தடவை மூக்கைச் சிந்தினாள். வெய்க்கோ கிண்டல் பண்ணவில்லை.

இயந்திரம் நின்றது. துணியை எடுத்து உலர்த்தியில் போட்டேன். வெள்ளைச் சட்டைகள் லேசாகச் சாம்பல் நிறமாகியிருந்தன. என் பனியன்தான் காரணம். டூவா இருந்திருந்தால் திட்டியிருப்பாள். அவளுக்கு வாய்க்காவலில் எப்போதும் புள்ளி உண்டு.

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது விரிப்பை வெய்க்கோவும் நானும் இரண்டு முனையைப் பிடித்து மடித்தோம். நாற்காலிகளை ஏற்றினோம். பலகைக்கு முன்னால் நின்றேன். சாவி திரும்பவில்லை. ஐந்து மாதத்தில் இறுகியிருந்தது. வெய்க்கோ என்னை ஒதுக்கிவிட்டு இரண்டு கையாலும் திருப்பினார். பூட்டு கையோடு வந்தது. பத்தொன்பதாம் தேதித் துளை வெறுமையாக இருந்தது, உள்ளே கொஞ்சம் தூசி.

"அடுத்த செவ்வாய் என்ன தேதி?" என்றேன்.

"இருபத்தாறு" என்றாள் குன்வோர். தேதி அவள் தொழில்.

இருபத்தாறில் ஆறு முதல் ஒன்பது காலியாக இருந்தது. பூட்டைச் செருகித் திருப்பினேன்.

வெளிக்கதவு வரை போயிருந்த வெய்க்கோ திரும்பினார்.

"வடிகட்டிய சுத்தம் பண்ணினியா?"

"இல்ல."

"பண்ணு. இல்லன்னா சீட்டு ஒட்டுவாங்க."

திரும்ப உள்ளே போனேன்.